1990 சுவசெரிய அம்புலன்ஸ்: இரவு 2 மணிக்குக் கூப்பிட்ட ஆளின்ர ரிவியூ

போன மாரியில ஒருநாள் இரவு 2 மணி இருக்கும், நல்ல மழை, அப்பா கட்டில்ல கிடந்து ஏதோ புலம்புறார், கூப்பிட்டா கண் துறக்கிறார் ஆனா ஆர் நிக்கிறது எண்டு தெரியேல்ல, போட்டிருந்த சட்டை முழுக்க வேர்த்து நனைஞ்சு போச்சு. அவருக்கு 20 வருசமா சீனி வருத்தம். அம்மா திருநீற்றை எடுத்து நெத்தியில பூசிக்கொண்டு முருகா முருகா எண்டு நிக்கிறா. எங்கட ஒழுங்கையில ஓட்டோ வச்சிருக்கிற அண்ணைக்கு நான் மூண்டு தரம் அடிச்சன், அவர் பாவம் பகல் முழுக்க ஓடின மனுசன், நித்திரை. அதுக்குப் பிறகுதான் 1990 எண்ட எங்கட இலங்கையின்ர அம்புலன்ஸ் நம்பர் ஞாபகம் வந்தது. அதுவரைக்கும் அந்த வாகனத்தை றோட்டில கண்டிருக்கிறனே தவிர ஒருநாளும் கூப்பிட்டதில்ல.

இந்த ரிவியூவ இப்ப எழுதுறதுக்குக் காரணம், எங்கட சொந்தக்காரர் ஒராள் அண்டைக்கு வந்து கதைக்கேக்க "வெளிநாட்டு உதவி எண்டு வாற காசெல்லாம் வீண், எங்கட கைக்கு ஒண்டும் வாறேல்ல" எண்டு சொன்னவர். எனக்கு உடன பதில் சொல்லத் தெரியேல்ல. ரண்டு மூண்டு நாள் யோசிச்சன். எங்கட வீட்டுக்கு அண்டிரவு வந்தது அந்தக் காசுதானே, வேற என்ன?

கோலை எடுத்த பிள்ளை தமிழிலதான் கதைச்சா. கொழும்புப் பக்கம் இருக்கிற கட்டுப்பாட்டு நிலையத்துக்குத்தான் கோல் போகும், சிங்களத்தில கதைப்பினமோ எண்டு எனக்கு உள்ளுக்குள்ள பயம், அப்பிடி ஒண்டுமில்ல. எங்க இருக்கிறியள், ஆருக்கு என்ன, மூச்சு ஒழுங்கா விடுறாரோ, கூப்பிட்டா பதில் சொல்லுறாரோ, வேற என்ன வருத்தம் இருக்கு எண்டு ஒண்டொண்டாக் கேட்டவ, நான் பதட்டத்தில ஒரே நேரத்தில எல்லாத்தையும் கொட்ட "கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்கோ அக்கா, வாகனம் வெளிக்கிட்டிட்டுது" எண்டு சொன்னா. அந்த ஒரு வசனத்தோட என்ர கை நடுக்கம் பாதி நிண்டுட்டுது.

கொஞ்ச நேரத்தில வாகனம் ஓட்டுறவரே போன் எடுத்தார். அவையள் அவரை பைலட் எண்டுதான் சொல்லுறது. பிள்ளையார் கோயில் தாண்டிட்டன், இனி எந்தப் பக்கம் எண்டு கேக்கிறார். எங்கட ஒழுங்கை ஒடுக்கம், மழைக்கு வெள்ளம் வேற நிக்குது, நான் குடையும் டோர்ச்சும் கொண்டு முடக்கில போய் நிண்டன். பைலட்டும் ஈ.எம்.டி தம்பி ஒராளும், ரண்டே பேர். ஈ.எம்.டி எண்டா அவசர சிகிச்சைக்கு ட்ரெய்னிங் எடுத்த ஆள், டொக்டர் இல்ல, ஆனா அந்த நேரத்தில எங்கட வீட்டுக்குள்ள அவர்தான் டொக்டர். செருப்பைக் கழட்டவோ எண்டு வாசல்ல நிண்டு கேட்டவர், அதை நான் மறக்க மாட்டன். வந்து இருந்து விரல்ல குத்திப் பாத்தார், சீனி 38. அம்மா அதுக்குள்ள ஓடிப்போய் சீனித்தண்ணி கரைச்சுக்கொண்டு வந்து பருக்க வெளிக்கிட, அந்தத் தம்பி மெல்லமா அவாவின்ர கையைப் பிடிச்சு, "வேண்டாம் அம்மா, நினைவு சரியா இல்லாத ஆளுக்கு வாயால குடுத்தாப் புரைக்கேறிடும்" எண்டு சொன்னவர். நாங்கள் எல்லாரும் செய்யிற பிழை அது. அப்பா முழிப்பா இருந்தா சீனித்தண்ணி குடுக்கிறது சரி, ஆனா அந்த நிலையில குடுத்திருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு இப்ப நினைக்கவும் பயமா இருக்கு.

மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியெல்லாம் பிரஷர் பாக்கிறார், ஒக்சிசன் பாக்கிறார், அப்பாவை "ஐயா, ஐயா" எண்டு கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். நான் அப்பாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில இருந்தன். ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தி கொஞ்ச நேரத்தில மனுசன் கண்ணைத் துறந்து "ஏன் இஞ்ச நிக்கிறியள், மாட்டுக்கு வைக்கல் போட்டதோ" எண்டு கேட்டார். அம்மா அப்பதான் அழுதவ. நான் திரும்பிப் பாக்க அந்தத் தம்பி வாகனத்துக்குள்ள ஸ்ட்ரெச்சரைத் துடைச்சுக்கொண்டு நிக்கிறார். காசு எவ்வளவு எண்டு கேக்க, இது இலவசம் அக்கா எண்டார். அப்பாவின்ர செருப்பை ஆரோ ஷொப்பிங் பேக்கில சுத்தி ஸ்ட்ரெச்சர் கரையில வச்சிருக்கினம், நாங்கள் வைக்கேல்ல, அதையும் எடுத்துத் தந்தார்.

சேவை எண்டு பாத்தா முழு மார்க்தான் குடுப்பன். ஆனா நான் சொல்ல வந்தது அதோட முடியேல்ல, இது எங்க இருந்து வந்தது எண்ட கதை இருக்கு.

2016 ஜூலை 28ல மேல் மாகாணத்திலயும் தென் மாகாணத்திலயும் 88 அம்புலன்ஸோட தொடங்கினது. இந்திய அரசாங்கம் கிட்டத்தட்ட 7.5 மில்லியன் டொலர் நன்கொடையாத் தந்தது, கடன் இல்ல, திருப்பிக் கட்டத் தேவையில்லாத காசு. அப்ப வெளிவிவகார பிரதி அமைச்சரா இருந்த ஹர்ஷ டி சில்வாதான் இதுக்குப் பின்னால நிண்டு ஓடினவர். பிறகு இன்னும் 15 மில்லியன் டொலர் தந்து 209 வாகனம் கூட்டி நாடு முழுக்க எண்டு விரிவாக்கினவை. வடக்குக்கு வந்தது 2018 ஜூலை 21. யாழ்ப்பாணத்தில விழா, அப்ப பிரதமரா இருந்த ரணில் விக்கிரமசிங்க வந்து தொடக்கி வைக்க, மோடி வீடியோவில கதைச்சவர். நானும் அண்டைக்கு டிவியில பாத்தனான், பாத்திட்டு வழமையான ரிபன் வெட்டுத்தானே எண்டு சனலை மாத்தினதுதான்.

ஏன் அப்பிடி நினைச்சன் எண்டா எங்கட பக்கம் ரிபன் வெட்டுக் கனக்கக் கண்டாச்சு. யுத்தம் முடிஞ்ச கையோட எத்தினை போர்ட், எத்தினை நாட்டுக் கொடி. எனக்குத் தெரிஞ்ச ஒரு இடத்தில, பேர் வேண்டாம், வெளிநாட்டுக் காசில நல்ல கட்டிடம் ஒண்டு கட்டி உள்ளுக்கு மெசினும் வச்சுக் குடுத்தவை. அதை ஓட்ட ஆள் போடேல்ல, ஆளுக்குச் சம்பளம் ஆர் குடுக்கிறது எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்ல. நான் போகேக்க மெசின் பொலித்தீன் கவரோட இருந்தது, கவருக்கு மேல தூசி, வாசல்ல கல்வெட்டு மட்டும் பளபளப்பா இருந்தது. அங்க ஸ்கான் எடுக்க எண்டு என்ர சித்தியைக் கூட்டிக்கொண்டு போய், திரும்பி தனியாரிட்ட காசு கட்டித்தான் எடுத்தனாங்கள்.

1990 அப்பிடிப் போகாததுக்குக் காரணம் முதல் நன்கொடை போட்ட விதம் எண்டுதான் நான் நினைக்கிறன். வாகனம் வாங்க மட்டும் காசு தரேல்ல. கட்டுப்பாட்டு நிலையம் போட, ஆக்களைப் பழக்க, அதோட முதல் ஒரு வருசம் சேவையை ஓட்டுற செலவுக்கும் சேத்துத்தான் அந்தக் காசு. எங்கட பிள்ளையள் ஹைதராபாத்துக்குப் போய் ட்ரெய்னிங் எடுத்தவை. நடத்திக் குடுத்தது ஜி.வி.கே. ஈ.எம்.ஆர்.ஐ. எண்ட இந்திய அம்புலன்ஸ் நிறுவனம், தமிழ்நாட்டில 2008ல இருந்து 108 அம்புலன்ஸை ஓட்டுறதும் அவையள்தான், அதால தமிழ்நாட்டில இருந்து இதை வாசிக்கிற ஆக்களுக்கு 1990 எண்டா உங்கட 108 மாதிரி எண்டு சொன்னாக் காணும். அதுக்குப் பிறகு 2018ல எங்கட பாராளுமன்றத்தில இதுக்கெண்டு ஒரு சட்டம் போட்டு, சுவசெரிய மன்றம் எண்டு உருவாக்கி, இப்ப டீசலும் சம்பளமும் எங்கட திறைசேரிக் காசு. வாகனம் இந்தியாவின்ர காசு, ஓட்டம் எங்கட வரி. இப்பிடி முதலே பேசி, ஒராள் கை விட மற்றாள் கையில எடுக்கிற மாதிரி வச்சதாலதான் வடக்குக்கு வந்து இத்தினை வருசம் கழிச்சு மாரி மழையில எங்கட ஒழுங்கைக்குள்ள அந்தச் சிவப்பு லைட் வந்தது.

தொடங்கேக்க இதுக்கு எதிர்ப்பும் இருந்தது, அரச வைத்திய அதிகாரிகள் சங்கமே எதிர்த்தது, இந்தியா உள்ள வரப்போகுது எண்டு. அந்தப் பயத்தை நான் முட்டாள்தனம் எண்டு சொல்ல மாட்டன். எங்கட ஆக்களுக்கு அதைவிடப் பெரிய காரணம் இருக்கு. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள்ள இந்திய இராணுவம் பூந்து சுட்டு, டொக்டர்மார், நேர்ஸ்மார், வாட்டில படுத்திருந்த நோயாளியள் எண்டு 60 பேருக்கு மேல செத்தவை. அப்பாவின்ர சிநேகிதர் ஒராளும் அதில போனவர். அப்பா ஆஸ்பத்திரியால வந்து நாலாம் நாள், அம்புலன்ஸ் இந்தியா தந்ததாம் அப்பா எண்டு நான் சொல்ல, கன நேரம் முத்தத்தைப் பாத்துக்கொண்டு இருந்தவர். பிறகு "அந்தப் பெடியன் எந்த ஊராம், சாப்பிட்டவனாமோ" எண்டு மட்டும் கேட்டார். அதுக்கு மேல நானும் கதைக்கேல்ல. உதவி வந்ததால நடந்தது இல்லை எண்டு ஆகாது, நடந்ததுக்காக வந்த அம்புலன்ஸைத் திருப்பி அனுப்பவும் ஏலாது, ரண்டையும் ஒரே வீட்டுக்குள்ள வச்சுக்கொண்டுதான் நாங்கள் இருக்கிறம்.

1990 எண்ட நம்பரே எங்களுக்கு ஒரு மாதிரி. அந்த வருசம் ஜூனில திரும்பச் சண்டை தொடங்க கொழும்பில இருந்து வாற யாழ்தேவி ரெயில் நிண்டது, பிறகு யாழ்ப்பாணம் ஸ்டேசனுக்கு ரெயில் வந்தது 2014 ஒக்டோபரில. பொருளாதாரத் தடையில பெற்றோல் இல்லை, மோட்டசைக்கிளை மண்ணெண்ணெயில ஓட்டின காலம், வருத்தக்காரரை சைக்கிள் கரியரில இருத்தி ஒராள் பிடிக்க ஒராள் உருட்டிக்கொண்டு போனதை அம்மம்மா சொல்லுவா. மாமா ஒராளை லான்ட்மாஸ்டர் எண்ட சின்ன உழவு மெசினின்ர பெட்டியில போட்டுக் கொண்டு போனதாம், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உயிர் இருந்ததாம். அம்மம்மா இந்த அம்புலன்ஸ் கதை தெரியாமலே போட்டா, இருந்திருந்தா இலவசமா வீட்டு வாசலுக்கு வாகனம் வரும் எண்டதை நம்பியிருக்க மாட்டா.

அந்த ரெயில் பாதையைப் போட்டதும் இந்தியாதான், ஆனா அது கடன், நாங்கள் திருப்பிக் கட்டுறது. இந்த வித்தியாசத்தை எங்கட ஆக்கள் கனபேர் பாக்கிறேல்ல, எல்லாத்தையும் "இந்தியா தந்தது" எண்டு ஒரே சாக்குக்குள்ள போட்டுடுவினம். 2022 பொருளாதார நெருக்கடியில இந்தியா தந்த உதவி கிட்டத்தட்ட 4 பில்லியன் டொலர், அதில பெரும்பகுதி கடனும் கடன் தவணையைத் தள்ளிப்போட்டதும்தான். அது அந்த நேரம் பெரிய உதவி, இல்லை எண்டு சொல்லேல்ல, கியூவில ரண்டு நாள் நிண்டவை நாங்கள். அதே வருசம் தமிழ்நாட்டில இருந்து கப்பல்ல அரிசி, பால்மா, மருந்து எண்டு வந்தது நன்கொடை. வடக்கு கிழக்கில 46,000 வீடு கட்டக் குடுத்ததும் நன்கொடை, வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், பெரும்பாலும் கொந்தராத்துக்காரரிட்டக் குடுக்காமல் வேலை நடக்க நடக்கக் கட்டம் கட்டமா வீட்டுக்காரரின்ர பாங்க் கணக்குக்கே போட்டவை. என்ர மச்சாள் கிளிநொச்சியில அந்த வீட்டிலதான் இருக்கிறா, சாமான் விலை ஏற காசு காணாமல் நகை அடகு வச்சுத்தான் முடிச்சவ, ஆனா வீடு அவாவின்ர பேரில இருக்கு, எங்க ஜன்னல் வைக்கிறது எண்டு அவாதான் சொன்னவ. மலையகத்தில டிக்கோயாவில 150 கட்டில் ஆஸ்பத்திரி ஒண்டு 2017 மேயில திறந்தது, அதுவும் இந்திய நன்கொடைதான்.

இப்ப ஒரு அரசாங்கம் வெளிநாட்டு உதவிக்குக் காசு ஒதுக்குவன் எண்டு வாக்குக் குடுக்கிறது எவ்வளவு பெரிய விசயம், அதை உடைக்கிறது எவ்வளவு லேசு எண்டதுக்கு வருவம். 1970 ஒக்டோபரில ஐ.நா. பொதுச்சபையில பணக்கார நாடுகள் தங்கட தேசிய வருமானத்தில 0.7 சதவீதம் உதவிக்குக் குடுக்க வேணும் எண்டு தீர்மானம் போட்டவை. 100 ரூபாய்க்கு 70 சதம். 50 வருசத்துக்கு மேல ஆகியும் நோர்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பேர்க் மாதிரிக் கொஞ்சப் பேர்தான் ஒழுங்காக் குடுத்தவை. பிரிட்டன் 2013ல அந்த அளவுக்கு வந்து, 2015ல அதைச் சட்டமாவே போட்டது. சட்டம் போட்டாப் பிறகு பயமில்லை எண்டுதானே நினைப்பம்? 2021ல 0.5 எண்டு குறைச்சவை, 2025 பெப்ரவரியில பிரதமர் ஸ்டார்மர் 2027ல இருந்து 0.3தான் எண்டு அறிவிச்சார், அந்தக் காசு பாதுகாப்புச் செலவுக்காம். வெளிநாட்டு உதவிக்குப் பொறுப்பான அமைச்சரா இருந்த அனலீஸ் டொட்ஸ் ராஜினாமா செய்தவ. பதவியை விட்டது பெரிசுதான், ஆனா காசு குறைஞ்சது குறைஞ்சதுதான்.

அமெரிக்கா இன்னும் மோசம். 2025 ஜனவரி 20, ட்ரம்ப் வந்த முதல் நாளே வெளிநாட்டு உதவி எல்லாத்தையும் 90 நாளுக்கு நிப்பாட்டு எண்டு உத்தரவு, ஜூலை முதலாம் திகதி யூ.எஸ்.எய்ட் எண்ட நிறுவனமே மூடியாச்சு, 1961ல கென்னடி தொடக்கினது. உலகம் முழுக்க அமெரிக்கக் காசில நடந்த கண்ணிவெடி எடுக்கிற வேலையும் அந்த உத்தரவில நிண்டது. கண்ணிவெடி எண்டா எங்களுக்குத் தூரத்துக் கதை இல்ல. ஏ9 றோட்டில முகமாலையைத் தாண்டேக்க சிவப்பு மண்டையோட்டு போர்ட் பாத்து வளந்த ஆக்கள் நாங்கள். அங்க முழங்கால்ல நிண்டு அங்குலம் அங்குலமா மண்ணைக் கிளறி வேலை செய்யிற பொம்பிளையளில கனபேர் யுத்தத்தில புருசனை இழந்தவை, அந்தச் சம்பளத்திலதான் பிள்ளையளைப் படிப்பிக்கினம். அமெரிக்கா, ஜப்பான், நோர்வே, பிரிட்டன் எண்டு பல நாட்டுக் காசு அந்த வேலைக்கு வந்தது. எங்கயோ ஒரு தலைநகரில ஒராள் கையெழுத்து வைக்க, பாதி கிளறின நிலம் பாதியில நிக்கும் எண்டா, அது என்ன வாக்கு? குடுக்கிறது உங்கட விருப்பம், ஆனா தொடங்கின வேலையை முடிக்க விட்டிட்டு நிப்பாட்டுங்கோ, ஆறு மாசம் முதல் சொல்லுங்கோ. அதைக் கேக்க எங்களுக்கு உரிமை இருக்கு எண்டு நான் நினைக்கிறன், பிச்சைக்காரருக்கு என்ன உரிமை எண்டு கேக்கிற ஆக்களும் இருக்கினம், அவையளோட எனக்கு ஒத்துவராது.

இந்தியாவும் தன்ர நன்மையைப் பாக்காமல் குடுக்கேல்ல எண்டது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சீனா அம்பாந்தோட்டையில துறைமுகம் கட்டினதும் இதுக்குள்ள இருக்கு. 2025-26 இந்திய பட்ஜெட்டில பூட்டானுக்கு 2,150 கோடி, மாலைதீவுக்கு 600 கோடி, எங்களுக்கு 300 கோடி இந்திய ரூபாய் எண்டு ஒதுக்கினவை, அது கூடிக் குறையிறது அரசியலைப் பொறுத்துத்தான். எனக்கு அதில கோவமில்ல. துறைமுகத்துக்குக் கப்பல் வருதோ இல்லையோ எனக்குத் தெரியாது, அம்புலன்ஸ் வந்தது தெரியும். போட்டி போடுறதெண்டா இப்பிடிப் போடட்டும்.

எனக்கு இருக்கிற கவலை இனி வாறது. வாகனத்துக்கு ஆயுள் இருக்கு. 2016ல ஓடத் தொடங்கினதுக்குப் பத்து வருசம் ஆகுது, எங்கட வடக்குக்கு வந்ததுக்கும் எட்டு வருசம், இரவும் பகலும் எங்கட குண்டும் குழியுமான றோட்டில ஓடுற வாகனம். 2020 கொரோனாவில நோயாளியள ஏத்தினதும் இதுதான், 2022ல டீசல் இல்லாமல் நாடே நிக்கேக்க முழுசா மூடாமல் இருந்ததும் இதுதான். அண்டிரவு பைலட் அண்ணை கதவைச் சாத்தேக்க ரண்டாந்தரம் இழுத்துத்தான் சாத்தினவர், நான் அதைக் கண்டனான். புதுசு வாங்கிறது இனி எங்கட அரசாங்கத்தின்ர வேலை, திரும்பவும் இந்தியா தரும் எண்டு கையை நீட்டிக்கொண்டு இருக்கேலாது. தந்தவை தங்கட வாக்கை முடிச்சுட்டினம். எங்கட பட்ஜெட் வாசிக்கேக்க சுவசெரியவுக்கு எவ்வளவு எண்டு எங்கட எம்.பி.மார் எழும்பிக் கேக்க வேணும், ஈ.எம்.டி ஆக்களின்ர சம்பளத்தையும் கேக்க வேணும், நல்லாப் பழகின பிள்ளையள் வெளிநாட்டுக்குப் போனா வாகனம் இருந்தும் பிரியோசனமில்ல.

மார்க் எண்டு கேட்டா அண்டிரவு வந்த ரண்டு பேருக்கும் 5க்கு 5. உதவியை வடிவமைச்ச விதத்துக்கு 5க்கு 4.5, அந்த அரையை வாகனம் பழசாகினா என்ன செய்யிறது எண்டதுக்கு முதலே ஒரு வழி வைக்காததுக்குக் குறைக்கிறன்.

கூப்பிடப் போற ஆக்களுக்குச் சில விசயம். எந்த போனில இருந்தும் 1990, காசு வெட்டாது. அவசரத்துக்கு மட்டும்தான், கிளினிக் போகவும் ஆஸ்பத்திரியால வீட்டுக்கு வரவும் கூப்பிடாதேங்கோ, நீங்கள் கூப்பிட்டு வச்சிருக்கிற நேரம் வேற ஆரோ ஒராளின்ர அப்பா கிடப்பார். கிட்ட இருக்கிற அரச ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போவினம், தனியாருக்குப் போகச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டாம். வீட்டு நம்பர் இரவில ஒருத்தருக்கும் தெரியாது, கோயில், பள்ளிக்கூடம், சந்தி எண்டு சொல்லுங்கோ, கேற்றடி லைட்டைப் போட்டு ஒராளை முடக்கில விடுங்கோ. நாயைக் கட்டுங்கோ. கிளினிக் கொப்பியும் குடிக்கிற குளிசையும் ஒரு பையில போட்டு எடுக்கிற இடத்தில வையுங்கோ, நான் அண்டைக்கு அலுமாரி முழுக்கத் தேடி நாலு நிமிசத்தை வீணாக்கினன். இப்ப அந்தப் பை எங்கட வீட்டுக் கதவடி ஆணியில தொங்குது, உள்ளுக்கு அப்பாவின்ர கொப்பி, குளிசைத் துண்டு, அம்மா வச்ச ஒரு பொட்டலம் சீனி.